சிவப்பு மையில் அடித்த மூன்று வரிகள்

அன்டோ,

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மாதா கோவில் மதிலோரம் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது கவிதா போன் செய்தாள். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் அதற்கு முன் நான் மூன்று முறைதான் பேசியிருக்கிறேன். மூன்று முறையும் சாப்பிட்டீங்களா, வெயில் எப்படி என்பதோடு முடிந்துவிடும். அன்றைக்கு அவள் எடுத்த எடுப்பிலேயே அழுதாள். "மாமா, நானுங்க கவிதா. அவரு கல்யாணம் வேண்டாங்கறாருங்க. பத்திரிகை அடிச்சாச்சு, கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சாச்சு, இப்பப் போயி வேண்டாங்கறாரு. ஏனுங்கன்னு கேட்டா, 'எங்கண்ணன் எங்கையால செத்தான், என்னை நம்பி ஒரு ஆளு வரக்கூடாது'ங்கறாரு. அப்படி என்னதானுங்க மாமா பண்ணிட்டாரு அவரு?" என்று கேட்டாள். முப்பத்துமூன்று வருடம் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கெல்லாம் நின்று பதில் சொன்னவன், அந்த ஒரு கேள்வியைத் தள்ளிப்போட்டேன். "எழுதுதேன்மா" என்று மட்டும் சொன்னேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்புகிற அன்றே ஒரு பிரதியைப் பங்கு மாத இதழுக்கும் கொடுக்கப் போகிறேன். குடும்ப விஷயத்தை அச்சில் போடுவானேன் என்று நீ சங்கடப்படுவாய். உன்னைக் குற்றவாளியாக்கியது நாலு சுவருக்குள் இல்லை. லூர்து மாமாவின் ஆபீசில், தோணிக்காரக் குடும்பங்கள் அத்தனை பேர் முன்னால் நடந்தது அது. எல்லோர் முன்னாலும் உன் தலையில் வைத்த சுமையை உன் காதோடு மட்டும் சொல்லி இறக்க முடியாது. கவிதாவிடமும் கேட்டுவிட்டேன். போடுங்க மாமா என்றாள். கம்ப்யூட்டர் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் விளக்க வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள். வாத்தியார் புத்தி.

உன் அம்மாவின் தம்பி லூர்து மாமாவுக்கு அப்போது மூன்று தோணிகள். வெங்காயமும் காய்கறியும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குப் போகிற மரத் தோணிகள். பெரியது, நடுவது, சின்னது என்றே நாம் சொல்லுவோம். உன் அண்ணன் ரூபன் டிப்ளமா முடித்துவிட்டு, இருந்த வேலையை விட்டுவிட்டு, சின்னத் தோணியில் எஞ்சின் பார்க்கப் போனான். அந்த வருடம் மாமா மூன்று தோணியிலும் ஒரு கருவி பொருத்தினார். அரை மணிக்கு ஒரு தடவை தோணி இருக்கும் இடத்தை அது அனுப்பும். அவசரமென்றால் நாலு வார்த்தை டைப் செய்தும் அனுப்பலாம். வருவதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் காட்ட ஒரு புரோகிராம் வேண்டும். திருநெல்வேலியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த நீ, "நான் எழுதித் தாரேன் மாமா" என்றாய். கம்பெனிக்காரனை வைத்து எழுதலாம் என்று மாமா யோசித்தபோது, "வீட்டுலயே வாத்தியாரும் மாணாக்கனும் இருக்கும்போது கம்பெனி எதுக்கு மாமா?" என்று கேட்டவன் ரூபன்.

நீ எழுதிய முதல் பிரதி எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். தோணி என்று ஒரு கிளாஸ், அச்சு மாதிரி. அதிலிருந்து மூன்று ஆப்ஜெக்ட், தோணிக்கு ஒன்று. சாப்பாட்டு மேசையில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நீ எனக்கு விளக்கியது கண்ணிலேயே நிற்கிறது. "அப்பா, ஒவ்வொரு தோணியும் தனி ஆளு மாதிரி. தனக்கு வந்தத தானே சேத்து வச்சுக்கிடும். நாம போயி 'ஏதாச்சும் வந்திருக்கா'ன்னு கேப்போம். இருந்தா தரும், இல்லைன்னா இல்லைன்னு ஒடனே சொல்லிரும். நாம அடுத்ததுகிட்ட போயிரலாம். ஒருத்தன் பேசலைன்னா மத்தவன் பேச்சு நிக்காதுல்லா?" என்றாய். நான் தலையாட்டினேன். பிரிண்ட் எடுத்துக் கொடு, திருத்தித் தருகிறேன் என்றேன்.

என் பழக்கம் உனக்குத் தெரியும். பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டு மட்டுமில்லை, உங்கள் இரண்டு பேரின் எழுத்து எதுவாக இருந்தாலும் சிவப்பு மையில் திருத்தி, பத்துக்கு மார்க் போட்டு, கையெழுத்துப் போட்டுத்தான் கொடுப்பேன். உன் அம்மா எழுதிய மளிகைச் சீட்டைக்கூட ஒரு தடவை திருத்தி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கும் அப்படித்தான் பேனாவை எடுத்தேன். உன் புரோகிராமில் மூன்று வரிகள் எனக்குப் புரியவில்லை. ரீட் என்ற கட்டளைக்கு முன்னால் அவைலபிள் என்று ஒன்றைக் கூப்பிட்டு, வந்தது பூஜ்யத்தைவிட அதிகமா என்று பார்த்து, இல்லையென்றால் அடுத்த தோணிக்குப் போகிற வரிகள். அந்த மூன்றையும் குறுக்கே அடித்தேன். பக்கத்தில், "தேவையில்லை. நேராக ரீட் போடு. அதுவே காத்திருக்கும்" என்று எழுதினேன். தேவையில்லாத வரிகளுக்கு இரண்டு மார்க் குறைத்து எட்டு போட்டேன்.

நீ தாளைப் பார்த்துவிட்டு, "இல்லப்பா, இது தேவைன்னுதான் போட்டேன்" என்றாய். "காத்திருந்தா எதுவும் தவறாதுலே. அவசரப்பட்டு ஓடுனாத்தான் தவறும்" என்றேன். ரூபன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "ஏலே அன்டோ, எட்டா! எனக்கு இவரு ஆறு தாண்டுனதே இல்ல. ஒத்துக்கிட்டு ஓடிரு, இன்னும் பேசுனா ஏழாக்கிருவாரு." நீயும் சிரித்தாய். "நீங்க சொன்னா சரிதாம்ப்பா" என்று சொல்லி, அன்றைக்கே அந்த மூன்று வரிகளையும் எடுத்துவிட்டாய்.

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாதது. எனக்கு ஏதோ காரணம் இருந்தது, அனுபவத்தில் சொன்னேன் என்று நீ இத்தனை நாள் நினைத்திருப்பாய். ஒரு காரணமும் இல்லை. நான் கணக்கு வாத்தியார். கம்ப்யூட்டர் பாடம் வந்தபோது பத்து நாள் பயிற்சி கொடுத்து, நீங்களே நடத்துங்கள் என்று விட்டுவிட்டார்கள். பாடப்புத்தகத்தில் என்ன இருந்ததோ அதுதான் எனக்குத் தெரியும். புத்தகத்தில் ரீட் இருந்தது, அவைலபிள் இல்லை. உன்னிடம் "இது என்னதுலே?" என்று கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பாய். கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் பெற்ற பிள்ளை, நான் சொல்லிக்கொடுத்த பாடத்தில், எனக்குத் தெரியாத ஒன்றை எழுதியிருக்கிறான். அந்தப் பெருமையை ஒரு வெட்கம் தின்றுவிட்டது. எனக்குத் தெரியாததைத் தேவையில்லை என்று எழுதினேன். நான் செய்த குற்றம் அது. அதற்குப் பிறகு செய்ததெல்லாம் அதன் வால்.

அந்த மூன்று வரிகள் என்ன செய்யும் என்று இதை வாசிக்கிற மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காலையில் வாத்தியார் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் வாசிக்கிறார். ஏழாம் எண் பையன் வரவில்லை. வாத்தியார் என்ன செய்வார்? வரவில்லை என்று குறித்துக்கொண்டு எட்டுக்குப் போவார். ஏழாம் எண்காரன் வந்து "உள்ளேன் ஐயா" சொல்லும் வரைக்கும் அடுத்த பெயரை வாசிக்க மாட்டேன் என்று ஒரு வாத்தியார் நின்றால் எப்படி இருக்கும்? எட்டாம் எண் பையன் மயங்கி விழுந்தாலும் அவருக்குத் தெரியாது. வெறும் ரீட் என்பது அந்த வாத்தியார். வரும்வரை அசையாது. அன்டோ எழுதிய மூன்று வரிகள், இல்லையென்றால் எட்டுக்குப் போ என்று சொல்லுகிற வரிகள். முப்பத்துமூன்று வருடம் தினமும் பெயர் வாசித்தவன் நான். ஒரு நாளும் ஏழாம் எண்ணுக்காக நின்றதில்லை. ஆனால் என் மகனின் புரோகிராமை நிற்கச் சொன்னேன்.

ரூபனை இழந்த அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நாம் இரண்டு பேரும் பேசியதே இல்லை. திங்கட்கிழமை உனக்குப் பரீட்சை, நீ விடுதியில் இருந்தாய். "அப்பா, மாமா ஆபீஸ்ல போயி கொஞ்ச நேரம் ஸ்க்ரீனப் பாத்துக்கிடுங்க" என்று கேட்டிருந்தாய். மத்தியானச் சாப்பாடு முடித்துப் போனேன். பெரிய தோணி மாலேயில் சரக்கிறக்கிவிட்டுக் கரையில் பத்திரமாக நின்றது. அங்கே பெயிண்ட் அடிக்கிறோம் என்று அந்தக் கருவியின் பேட்டரியைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். யாருக்கும் ஒரு கேடும் இல்லை. ஆனால் நம் புரோகிராம் முதலில் பெரிய தோணியிடம்தான் போகும். போனது. ரீட் என்றது. ஒன்றும் வரவில்லை. காத்திருந்தது. திரையில் பிழை என்று ஒரு எழுத்து வரவில்லை. வெள்ளைக் கோடு ஒன்று நிதானமாக மினுக்கிக்கொண்டிருந்தது. காத்திருக்கிற புரோகிராமும் அமைதியான கடலும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மாமா டீ வாங்கி வந்து வைத்துவிட்டு, "என்ன அத்தான், சும்மாவே கெடக்கு?" என்று கேட்டார். "வந்தா தன்னால வரும் மாப்ள. ரீட் காத்துக்கிட்டிருக்கு" என்றேன்.

நாலு மணிக்கு நீ போன் செய்தாய். "ஏதாச்சும் வந்துச்சாப்பா?"

"ஒண்ணும் வரலை. எல்லாம் அமைதியா இருக்கு."

"மூணுலயுமா? அரை மணிக்கு ஒண்ணு வரணுமே. மூணு தோணியும் ஒரே நேரத்துல சும்மாயிருக்குமாப்பா? ஒருக்கா ஆஃப் பண்ணிப் போட்டுப் பாருங்களேன். இல்லைன்னா மாமாவ அங்கன போன் போட்டுக் கேக்கச் சொல்லுங்க."

"நீ பரீட்சைக்குப் படிலே. இங்கன நான் இருக்கேம்லா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நீ கேட்ட அந்த நேரத்தில் சின்னத் தோணியின் ஆப்ஜெக்டுக்குள், யாரும் போய்க் கேட்காமல், ரூபன் டைப் செய்த ஐந்து வரிகள் சேர்ந்து கிடந்தன. உன் கிளாஸ் அதன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. வந்ததை வாங்கி வைத்திருந்தது. கேட்கத்தான் ஆள் போகவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மாலேயில் பேட்டரியைத் திரும்ப மாட்டினார்கள். பெரிய தோணி ஒரு வரி அனுப்பியது. ரீட் காத்திருப்பதை விட்டது. அடுத்து நடுத் தோணி. அடுத்து சின்னத் தோணி. அதில் கிடந்ததெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கொட்டியது. பூசைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்த மாமாவும் நானும் நின்றபடியே வாசித்தோம். இருக்கும் இடம் சொல்லுகிற வரிகளுக்கு நடுவே ரூபன் தங்கிலீஷில் டைப் செய்த ஒன்பது வரிகள். முதல் வரி சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு: அடிப்பலகை விட்டுப்போச்சு, தண்ணி ஏறுது. பிறகு பம்பு ஓடவில்லை என்று. பிறகு நடுத் தோணியைத் திருப்பிவிடச் சொல்லி இரண்டு வரி. நடுத் தோணி அப்போது அங்கிருந்து மூன்று மணி நேரத் தூரத்தில் இருந்தது. ஐந்தே முக்காலுக்குக் கடைசி வரி. அதை இங்கே எழுதக் கை வரவில்லை. பின்னால் எழுதுகிறேன்.

மாமா எல்லோருக்கும் சொல்லி, நடுத் தோணியைத் திருப்பி, கடலோரக் காவல்படையும் போய், அன்று சாயங்காலம் எட்டுப் பேரில் ஐந்து பேரைத் தூக்கினார்கள். ரூபனும் இன்னும் இரண்டு பேரும் இல்லை. தோணி ஓட்டிய தண்டல் சேவியர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது: "மாஸ்டர், எல்லாரும் தண்ணி எறைச்சோம். அவன் ஒரு கையில எறைப்பான், ஓடிப்போயி டைப் அடிப்பான். நான் சத்தம் போட்டேன், 'ஏலே விடுலே அத, எவன் பாக்கப் போறான்'னு. 'எந்தம்பி எழுதுனது அண்ணாச்சி, அவன் பாத்துருவான்'னான்." இதை உன்னிடம் சேவியரே சொல்லியிருக்கிறார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். உன்னை நோகடிக்கச் சொல்லவில்லை அவர். உன் அண்ணன் உன்மேல் வைத்த நம்பிக்கையைச் சொன்னார். நீ அதை வேறு விதமாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

எட்டாம் நாள் மாமா ஆபீசில் கூட்டம். துறைமுகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிற ஒருவரைக் கூட்டிவந்து காட்டியிருந்தார்கள். அவர் பார்த்துவிட்டு, முதல் தோணிக்காகக் காத்திருந்ததால் மூன்றாவது தோணியை இது பார்க்கவே இல்லை என்று சொன்னார். போனவர்களின் வீட்டார் அங்கே நின்றார்கள். மாமா துக்கத்தில் கத்தினார். "எவம்லே இத இப்படி எழுதச் சொன்னது? ஒருத்தன் வாய் தொறக்கலைன்னா இன்னொருத்தன் சாவணுமா?" எழுதச் சொன்னது யார் என்றுதான் அவர் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். ஒரே ஒரு பார்வை. நான் தரையைப் பார்த்தேன். "நாந்தான் மாமா எழுதுனேன்" என்றாய். ரூபனோடு இறந்த இருவரில் ஒருவனின் அம்மா உன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். நான் அப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இருபது வயதில் நீ என்னைக் காப்பாற்றினாய். ஐம்பத்தாறு வயதில் நான் அதை வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நீ பரீட்சை எழுதவில்லை. கம்ப்யூட்டரைத் தொடவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நூல் கட்டுகளுக்குப் பொறுப்பாளராகச் சேர்ந்தாய். எட்டு வருடம். கிறிஸ்துமசுக்கு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவாய். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பிடும்போது நான் உள்ளே வந்தால் சீக்கிரம் முடித்துக்கொண்டு எழுந்துவிடுவாய், அவ்வளவுதான். உன் அம்மா ரூபனுக்கு மரித்தோர் பூசை வைக்க இன்னும் சம்மதிக்கவில்லை. பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டேனே, அவைலபிள் பூஜ்யம் கொடுத்தால் இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்று பொருள், ரீட் மைனஸ் ஒன்று கொடுத்தால் அந்த ஓட்டமே முடிந்துவிட்டது, இனி வராது என்று பொருள் என்று. அவளுக்கு அந்த மைனஸ் ஒன்று வரவே இல்லை. உடல் வரவில்லை. அதனால் அவள் பூஜ்யத்திலேயே நிற்கிறாள். அவளை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அது அவள் உரிமை. ஆனால் நீயும் எட்டு வருடமாக அந்த ஒரே வாசலில் நிற்கிறாய் என்பது கவிதாவின் அழுகையைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

திங்கட்கிழமை உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் சாளை மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். அலமாரியில் என் பணி ஓய்வு ஆணைக்கு அடியில் வைத்திருந்த, நான் சிவப்பு மையில் திருத்திய அந்தத் தாளை எடுத்து வந்து காட்டி, ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து தாளை வாங்கினாள். புரோகிராம் அவளுக்குப் புரியாது. சிவப்பு மை புரியும். "எம்புள்ள பத்து நாளா பட்டினி கெடந்து சுவத்துல முட்டுனானே, அப்ப இந்தப் பேப்பர எங்க வச்சிருந்திய?" என்று கேட்டாள். "அலமாரியிலதான்" என்றேன். "அலமாரியில" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் மிச்ச மீனையும் செதில் எடுத்தாள். அதிலிருந்து நேற்று வரைக்கும் என்னிடம் பேசவில்லை. தட்டில் சோறு வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். அதுவே எனக்கு அதிகம்.

அந்தத் தாளை ஏன் கிழிக்கவில்லை என்று நீ கேட்கலாம். ஒரு வாத்தியாரால் மார்க் போட்ட தாளைக் கிழிக்க முடியாது. வேறு பதில் என்னிடம் இல்லை.

செவ்வாய்க்கிழமை உன் பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து ஆன் செய்தேன். தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் அடித்த மூன்று வரிகளோடு சேர்த்து, நீ முதலில் எழுதியதை எழுத்து மாறாமல் டைப் செய்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்ததில் இரண்டு நாள் ஆயிற்று. நீ எப்படி எழுதியிருந்தாலும் அது நின்றுதான் போயிருக்கும் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். கவிதா சொல்லுவதைப் பார்த்தால் நீயும் அப்படித்தான் நினைத்திருக்கிறாய், உனக்கு எழுதவே தெரியாது என்று. வியாழக்கிழமை அதை ஓட்டிப் பார்த்தேன். மூன்று தோணிக்கும் பதிலாக மூன்று ஓட்டங்கள், அதாவது வரிகள் வந்து சேருகிற மூன்று வழிகள். முதல் ஓட்டத்தில் ஒன்றும் அனுப்பாமல் விட்டேன், பேட்டரி கழற்றிய பெரிய தோணி மாதிரி. மூன்றாவதில் ரூபனின் ஒன்பது வரிகளையும் ஒவ்வொன்றாக என் கையாலேயே டைப் செய்து அனுப்பினேன். வேறு எந்த வரியை அனுப்பிச் சோதிப்பேன் நான்?

முதல் வரியை அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் திரையில் வந்துவிட்டது. தண்ணி ஏறுது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தது. பெரிய தோணி வாயே திறக்கவில்லை. உன் புரோகிராம் அதனிடம் போனது, கேட்டது, இல்லையா என்றது, ஒரு நொடிகூட நிற்காமல் தாண்டி வந்து உன் அண்ணன் சொன்னதை எடுத்துக் காட்டியது. ஒன்பது வரியும் வந்தது. அன்டோ, நீ எழுதியது வேலை செய்கிறது. அன்றைக்கும் செய்திருக்கும். இரண்டு மணிக்கு வந்த வரியை இரண்டு மணிக்கே காட்டியிருக்கும். நான் கீ போர்டின் மேல் தலையை வைத்து அழுத சத்தம் கேட்டு உன் அம்மா வாசல் வரைக்கும் வந்தாள். திரையைப் பார்த்தாள். உள்ளே வரவில்லை. போகவும் இல்லை.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் அப்பன் கடிதத்தில் அது இல்லாமல் எப்படி. உன் வீட்டில் நாளைக்கு ஒரு பிள்ளை, உனக்குத் தெரியாத ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால், இது என்ன என்று கேள். அந்த இரண்டு சொல்லைக் கேட்க முடியாமல்தான் நான் எல்லாவற்றையும் இழந்தேன். இன்னொன்று. பேசாதவனுக்காக வாழ்நாள் முழுக்க நின்றுகொண்டிருப்பது அன்பு என்று நினைக்காதே. ரூபன் பெயரைத் தினமும் ஒரு தடவை வாசி. வேண்டாமென்று யார் சொன்னது? வாசித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போ. அடுத்த பெயர் கவிதா. அவள் அனுப்புகிற வரிகள் எத்தனை உனக்குள் வாசிக்காமல் கிடக்கின்றனவோ, நீ போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

உன் அம்மா நேற்று பேசினாள். நாலு நாளில் பேசிய முதல் பேச்சு. "கல்யாணத்துக்கு நான் போவேன். அவன் வேண்டாம்னாலும் போயி அவன் வாசல்ல உக்காருவேன். நீங்க வாரதும் வராததும் அவன் வாயால வரணும்" என்றாள். சரி என்றேன். அவளுக்கு மட்டும் டிக்கெட் எடுத்திருக்கிறேன். நீ வா என்று சொன்னால் நான் வருவேன். வராதே என்றாலும் அது நியாயம். ஒன்றுமே சொல்லாவிட்டால் அதைப் பூஜ்யம் என்றுதான் எடுத்துக்கொள்வேன், மைனஸ் ஒன்று என்று அல்ல. போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் மாட்டேன். சேவியரின் மகள் கணக்குப் பரீட்சைக்குப் படிக்க வருகிறாள், அவளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். இறந்துபோன மற்ற இரண்டு பேரின் வீட்டுக்கும் நாளைக்குப் போய், உன் சட்டையைப் பிடித்த அந்தத் தாயின் முன்னால் நின்று, பிடிக்க வேண்டிய சட்டை இது என்று சொல்லப் போகிறேன். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ஒரு தடவை உன்னிடமிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். முதலில் அதைக் கவிதாவின் கையில் கொடு. அப்படி என்னதான் செய்தார் என்று கேட்டாளே, அவள் பார்க்கட்டும். நான் அடித்த மூன்று வரிகளின் கீழே, அடித்தது தவறு என்று எழுதியிருக்கிறேன். எட்டை அடித்துவிட்டுப் பத்து போட்டிருக்கிறேன். மார்க்கைத் திருத்தினால் பக்கத்திலேயே திருத்தியவன் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. போட்டிருக்கிறேன்.

ரூபனின் கடைசி வரியைப் பின்னால் எழுதுகிறேன் என்றேன். உனக்குத் தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். "அன்டோ, பாத்தியா?" என்று கேட்டிருந்தான். எட்டு வருடமாக அந்தக் கேள்விக்கு நீ பதில் தேடிக்கொண்டிருக்கிறாய். அது நீ சொல்ல வேண்டிய பதில் இல்லை, மகனே. நீ பார்க்கத்தான் எழுதினாய். அவன் நீ பார்ப்பாய் என்றுதான் அனுப்பினான். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கையில் சிவப்புப் பேனாவோடு நின்றவன் நான்.

உன் அப்பா